மேஜர் என்று சொன்னதால் வந்த வினை

காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். ஒரகடம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான்; படப்பை நெரிசல் பாதி உயிரை வாங்கிவிட்டது. அமெரிக்காவில் யாராவது ஹாரன் அடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற ஒரு சின்ன ஊரில், அதைவிடச் சின்னக் கல்லூரியில், இரண்டு வருடம் படித்துவிட்டு வருகிறேன். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல்கூடக் காதுக்கு இனித்தது. அம்மாடி, ஊர் வந்துவிட்டது!

ஆனாலும் ஒரு சிக்கல். எங்கள் கல்லூரியில் முதல் இரண்டு வருடம் கவிதை, வானியல் என்று எதை வேண்டுமானாலும் படிக்கலாம். பிறகு ஒரே பாடத்தைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும். அப்பா கம்ப்யூட்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் தேர்ந்ததோ தொல்லியல். அதை அவரிடம் இன்று சொல்லியாக வேண்டும்.

ஒரகடத்தில் அப்பா டயர் கம்பெனி யூனிபார்மோடு நின்றார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். சிரிக்கவே இல்லை. பெட்டிகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். எங்கள் ஊரான வடக்குப்பட்டுக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். எதிரே செல்போன் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு தென்காசிப் பெண், ஹாஸ்டலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பையன் யாரு?"

"எந்தப் பையன்?"

"போன்ல சொன்னியே, ‘மேஜர் டிக்ளேர் பண்ணணும், நேர்ல பேசறேன்’னு. போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுகினு பொண்ணுங்க சொல்றதுதானே அது? நான் மேஜர், இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கினேன்னு. உங்கம்மா ஒரு வாரமா சரியா சோறு துன்னல."

எதிரே இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, அது வயசு இல்ல, பாடம்லா! எங்க ஊர்ல ‘என்ன மேஜர்’னுதான் கேப்பாவ. நான் கெமிஸ்ட்ரி மேஜர். நீங்க மெயினும்பியளே, அதான்."

"அட போம்மா! உசுரே போயிட்டிச்சி." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இன்னா மெயினு? கம்ப்யூட்டர்தானே?"

"இல்லப்பா. தொல்லியல்."

அப்பா முகத்தில் வந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. "தோண்டுறதா? அதுக்கு இன்னாத்துக்கு அமெரிக்கா? நம்மூர்லயே தோண்டினாங்களே."

"வகுப்புல அதைத்தாம்பா சொன்னேன்."

ஆதி மனிதர்கள் வாழ்ந்த இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. ஆளாளுக்குப் புத்தகத்தில் படித்த பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து போய்ப் பலகையில் தமிழிலேயே எழுதினேன்: வடக்குப்பட்டு. எங்கள் மண்ணுக்கடியில் கல் கருவிகள் கிடைத்த கதையைச் சொன்னேன். பெயர் சரியாக வாயில் நுழையும்வரை ஆசிரியை வகுப்பையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நம்ம ஊரு பேரையா? போர்டுலயா?"

"ஆமாம்ப்பா."

"கம்பெனில எவன் கேட்டாலும் ஒரகடம்னுதான் சொல்லிகினு கீறேன். நம்மூரச் சொன்னா யாருக்குத் தெரியப் போவுதுன்னு." என் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அதையே படி."

ஹாஸ்டல் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"வடக்குப்பட்டு," என்றார் அப்பா, ஆட்டோ முழுக்கக் கேட்கும்படி.