பதில் சொல்லாத விருந்தினர்

ஹெட்போனில் பேட்டி எடுப்பவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். விருந்தினர் பதில் சொல்லவே இல்லை. இவர் 'அப்படியா?' என்கிறார், சிரிக்கிறார், அடுத்த கேள்விக்குப் போகிறார். நடுவில் வெறும் அமைதி. நான் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இது ஏதோ புது மாதிரி நிகழ்ச்சி, பதிலை நாமே யோசித்துக்கொள்ள வேண்டும் போல என்று நினைத்துப் பாதிவரை கேட்டேன். பிறகு எரிச்சல் வந்துவிட்டது.

என் இடது காது கேட்காமல் போன நாள் அது. அது எனக்குத்தான் தெரியவில்லை.

நாங்கள் சாணார்பட்டிப் பக்கம். என் கணவர் அந்தோணி சம்பங்கி போட்டிருக்கிறார். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். தைக்கிறவளுக்குக் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொள்ளும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற காதுக்குத்தான் பாட்காஸ்ட். என்னைப் போல வேலை செய்துகொண்டே கேட்கிற சிலர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு நிகழ்ச்சியைப் பரிந்துரைக்கலாம். கடைசிவரை கேட்டிருக்க வேண்டும், என்ன வேலை செய்துகொண்டு கேட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெங்காயம் உரிக்கும்போது சுகமாக இருப்பது வண்டி ஓட்டும்போது தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும். சித்தையன்கோட்டை பஷீர் அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். 'லோடு இறக்கக் காத்திருந்தபோது' என்று அவர் எழுதினால் அந்த நிகழ்ச்சி நீளமாகவும் நிதானமாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அந்த ஞாயிறு நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. விருந்தினரைக் கூப்பிட்டுவிட்டு வாயைத் திறக்க விடாத நிகழ்ச்சி, யாரும் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று திட்டி எழுதினேன். பஷீர் அண்ணன் உடனே பேசி அனுப்பினார். "என்ன தங்கச்சி, அந்தாளு முழுக்கப் பேசிக்கிட்டேல்ல இருக்காரு! ஒன் ஹெட்போன்ல ஒரு பக்கம் போயிருச்சு போல. மாத்தி மாட்டிப் பாரு."

மாற்றி மாட்டினேன். விருந்தினர் பேசினார். இப்போது கேள்வி கேட்கிறவரைக் காணவில்லை. சில நிகழ்ச்சிகளில் ஒருவர் குரலை வலப்பக்கமும் இன்னொருவர் குரலை இடப்பக்கமும் வைத்துவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் இந்த இடத்தில் கொஞ்சம் புத்தி இருக்கிற யாருக்கும் விஷயம் பிடிபட்டிருக்கும். நான், ஹெட்போனின் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கெட்டுப்போகிறது என்று முடிவு கட்டினேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் புதுசு வாங்கினேன். அதுவும் அப்படியே. கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றினேன். அதுவும் அப்படியே. போனில் ஹெட்போன் சொருகுகிற ஓட்டையில் பஞ்சு அடைத்திருக்கிறது என்று ஊசியால் குடைந்தேன். இத்தனைக்கும் நடுவே தலைக்குள் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் வேறு. மிஷினை அணைக்க எழுந்து போனால் அது ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும்.

"என்னங்க, இந்த மோட்டார் சத்தம் ஒங்களுக்குக் கேக்குதா?" என்று அந்தோணியிடம் கேட்டேன்.

அவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, ஒண்ணும் ஓடல. ஒனக்குக் காதுலதான் என்னமோ. கெளம்பு, டாக்டர்ட்டப் போவோம்."

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒரு இரும்பு இசைக்கவையைத் தட்டி, அது அதிர அதிர என் நெற்றியில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம் என்றேன். நடு நெற்றியில் வைத்தது ஏன் வலது பக்கம் மட்டும் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"எம்புட்டு நாளாம்மா இப்படி இருக்கு?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும் டாக்டர்."

"இவ்வளவு நாளா என்ன பண்ணுனீங்க? எண்ணெய் எதுவும் காய்ச்சி ஊத்துனீங்களா?"

"இல்ல டாக்டர். ஹெட்போன் வாங்குனேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் வைத்தால் காதுக்குக் கேட்கிறது என்று காட்டும் படம்) எடுத்துவரச் சொன்னார். சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். இடது காதின் முறை வந்தபோது அமுக்கவே வேலை வரவில்லை. நம்மை மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்களோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சோதனை செய்கிற பெண் அங்கேயேதான் இருந்தாள், என்னையே பார்த்துக்கொண்டு.

நோயின் பெயர் திடீர் செவிநரம்புக் கேளாமை (உள்காதோ அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்போ பாதிக்கப்பட்டுச் சட்டென்று கேட்கும் திறன் போவது). ஏன் வந்தது என்று கேட்டேன். "சில பேருக்கு வைரஸ், சில பேருக்கு ரத்த ஓட்டம். நெறையப் பேருக்கு ஏன்னே தெரியறதில்லம்மா" என்றார். ஹெட்போனாலா என்றதற்கு, அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். திரும்பி வருமா என்றேன். சிலருக்கு முழுதாக வரும், சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராது. முதல் சில நாளிலேயே வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல். நான் எந்தச் சிலரில் சேர்த்தி என்று அவரால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு காது சட்டென்று அடைத்துக்கொண்டால், சளி என்றோ அழுக்கு என்றோ இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஹெட்போன் கடைக்குப் பிறகு போகலாம்.

ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் வீரியமான மருந்து) மாத்திரை கொடுத்தார்கள். பேய்ப் பசி எடுத்தது, தூக்கம் போனது, வெஞ்சனத்தில் உப்பு கூடியதற்கு என் மேலேயே எரிந்து விழுந்தேன். பிறகு செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியில் மருந்து விட்டார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்தது. மருந்து வேலை செய்ததா என்று மட்டும் தெரியவில்லை.

கேட்காமல் போவது ஒரு கஷ்டம் என்றால், கேட்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போவது அதைவிடக் கஷ்டம். ஒற்றைக் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கம்தான். அந்தோணி தோட்டத்திலிருந்து கூப்பிட்டால் நான் தெருவைப் பார்த்து "வாரேன்" என்பேன். கோழி அடுப்படிக்குள் நிற்கும், நான் கொல்லையில் தேடுவேன். சாலையைக் கடக்கும்போது ஹாரன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவேன். ஒருமுறை பஸ் டிரைவர் இறங்கி வந்தே திட்டினார். அவர் திட்டியதில் தப்பில்லை.

ஒருநாள் பயந்துகொண்டே மறுபடி பாட்காஸ்ட் கேட்டேன். கிணறு தூர் வாருகிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள் என்று வேலை செய்கிறவர்களின் கதையைச் சொல்லும் நிகழ்ச்சி. அண்ணன், தம்பி இரண்டு பேர் சேர்ந்தே சொன்னார்கள். அண்ணன் குரல் கனம். தம்பி குரல் கீச்சென்று, துளி பிந்தி வந்தது. விநோதமாகத்தான் இருந்தது, ஆனால் கடைசிவரை கேட்டேன். குழுவில் பரிந்துரைத்தேன்: 'பட்டன் கட்டும்போது கேட்டது. அண்ணன் தம்பி இருவரும் பிரமாதம். தம்பி மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசலாம்.'

ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு பஷீர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன். அதுல ஒரே ஆளுதான் பேசுறாரு."

நான் கேட்டதை நம்புவதா, அவர் சொல்வதை நம்புவதா? அந்தோணியைக் கேட்கச் சொன்னேன். ஒரே ஆள்தான் என்றார். காதோடு சேர்ந்து மூளையும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

போய்ச் சொன்னதும் டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கு இரட்டைச் செவிப்புலன் (ஒரே ஒலி இரண்டு காதுக்கும் இரண்டு சுருதியில் கேட்பது) என்று பெயராம். தம்பி என்று நான் நினைத்தது என் இடது காது.

"தப்பாக் கேக்குதுன்னா, கேக்குதுன்னு அர்த்தம்மா" என்றார்.

"அப்ப சரியாப் போயிருமா டாக்டர்?"

"போகலாம். இதோட நிக்கவும் நிக்கலாம்."

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தத் தம்பியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

என்னைப் போல ஒரு காதும் கால் காதுமாகக் கேட்கிறவர்களுக்குச் சில பரிந்துரைகள் வைத்திருக்கிறேன். போன் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும், அதை முதலில் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்துக் குரலும் ஒரே பக்கம் வந்து சேரும், விருந்தினர் காணாமல் போகமாட்டார். நாலு பேர் கூடிச் சிரிக்கிற நிகழ்ச்சிகளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். பின்னணி இசை போட்டுப் பயமுறுத்துகிற கொலைக்கதைகளும் வேண்டாம், கொலை நடந்ததே நமக்குத் தெரியாது. ஒருவர் தனியாக, நிதானமாகப் பேசுவது நல்லது. கல்வெட்டு வாசித்துப் பொருள் சொல்கிற ஒரு பெரியவரை நான் அரிசி புடைக்கும்போது கேட்கிறேன். அவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்வார். முன்பு அதற்காகவே அவரைப் பிடிக்காது. இப்போது அவர் நிகழ்ச்சி நன்றாக இருப்பதால் கேட்கிறேனா, கேட்க முடிவதால் நன்றாக இருக்கிறதா, எனக்கே குழப்பம்தான்.

சில மாதங்களில் தம்பி குரல் மங்கி ஒருநாள் நின்றுபோனது. இரண்டு காதும் சமாதானமாகிவிட்டனவா, இடது காது மறுபடி போய்விட்டதா என்று பதறி ஓடினேன். புதிய ஆடியோகிராமில் கனமான சத்தங்கள் பாதி திரும்பியிருந்தன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வரவில்லை. இனிப் பெரிய மாற்றம் இருக்காது என்றார் டாக்டரம்மா. மோட்டார் சத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது ஒரு வாக்கியம் முடிந்த பிறகுதான் அது எனக்குள் வந்து சேர்கிறது. சேர்ந்த பிறகுதான் பதில் சொல்கிறேன். ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் நான் நிதானமான ஆளாகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் நாள் ஓடும், நானும் கூட ஓடுவேன். இப்போது அது ஓடிப்போய் எனக்காக நிற்கிறது.

போன வாரம் காலையில் பூ எடுக்கப் போயிருந்தோம். சம்பங்கி இடுப்பளவு நிற்கிறது. குனிந்து எடுக்கிறபோது ஆள் தெரியாது. நான் ஒரு பாத்தியில், அந்தோணி எங்கேயோ. "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டார்.

யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினேன். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கும் புரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். காது சொல்லித்தான் திரும்பினேனா, இருக்கிற இரண்டு பக்கத்தில் ஒன்று தானாக அமைந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னொருக்காக் கூப்பிடவா?" என்றார்.

"வேணாம்" என்றேன்.