ஆறா, ஒன்பதா

எங்கள் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவரைப் புள்ளி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அரை அங்குல நட்டும் பதின்மூன்று மில்லிமீட்டர் நட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அவர் விரலால் உருட்டிப் பார்த்தே பிரித்துவிடுவார். அதே விரல்கள்தான் பணிமனைக் கூடைப்பந்துக் குழுவுக்கு இருபத்திரண்டு வருடம் ஸ்கோர் எழுதின.

யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அட்டை போன ஒரு விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் தன் தப்பைத் தானே பிடித்துக் கற்றுக்கொண்டார். முதல் பாதிக்குச் சிவப்புப் பென்சில், மறுபாதிக்கு நீலம். பந்தைக் கூடையில் போட்டவனின் எண்ணைப் பெரிதாக எழுதுவார். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனின் எண்ணைப் பக்கத்தில் சிறிதாக எழுதி, அதன்மேல் ஒரு புள்ளி வைப்பார். கொடுத்தவனையும் கணக்கில் எடுத்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பெயர் வந்ததும் அதனால்தான். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு பெரிய வாக்குவாதம் வந்தாலும், "புள்ளி நோட்டுல என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் அதோடு முடிந்துவிடும். அவர் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது.

இந்த வருடம் மண் தரையை எடுத்துவிட்டுச் சிமெண்ட் போட்டார்கள். ஆடுகளத்தின் நடுவட்டத்துக்குள், குழுவில் இதுவரை ஆடிய பாயிண்ட் கார்டுகளிலேயே சிறந்தவரின் எண்ணை எழுதுவது என்று முடிவானது. பந்தைக் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற ஆள்தான் பாயிண்ட் கார்டு. பேச்சில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். டயர் பிரிவில் இருந்த சுண்டெலி. சட்டை எண் ஆறு. கண்டக்டர் மாப்பிள்ளை, சட்டை எண் ஒன்பது. கல்யாணத்தன்று மாலை ஆட்டத்துக்கு வந்து நின்றதால் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இருவருக்கும் இப்போது முழங்கால் போய்விட்டது.

டீ இடைவேளையில் தினமும் இதே பேச்சு.

"சுண்டெலி பாஸ் குடுத்தா, ஆள் நிக்கிற எடத்துக்குக் குடுக்க மாட்டான். வரப்போற எடத்துக்குக் குடுப்பான்" என்றார் ஃபோர்மேன்.

"ஆமா, யாருமே வராத எடத்துக்கும் குடுப்பான்" என்றார் பெயின்டர். "மாப்பிள்ளை பந்தைத் தட்டிக்கிட்டு நின்னா நாலு பேருக்குத் தலை சுத்தும்யா."

"அதுல ரெண்டு பேரு நம்ம ஆளுங்க."

அந்த இருவரையுமே கேட்டுப் பார்த்தார்கள். "மாப்பிள்ளைதான், இதுல என்ன சந்தேகம்?" என்றார் சுண்டெலி. "சும்மா இருங்கப்பா, சுண்டெலிதான்" என்றார் மாப்பிள்ளை.

"பாஸ் குடுத்தே பழகின கை. இதையும் மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இருப்பானுங்க" என்று பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் ஃபோர்மேன் சொன்னார்: "புள்ளிண்ணே, நீங்க எண்ணிச் சொல்லிடுங்க. யாருக்குப் புள்ளி அதிகமோ அவன்தான். ஞாயித்துக்கிழமை பெயின்ட் அடிக்கணும்."

புள்ளி நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். சாப்பாட்டு மேசையில் மனைவி ஒவ்வொரு பக்கமாக வாசிக்க, அவர் கோடு போட்டு எண்ணினார். மூன்று மாலைகளில் முடிந்தது. சுண்டெலி நானூற்றுப் பன்னிரண்டு, மாப்பிள்ளை நானூற்று ஒன்று. மறுபடி சரிபார்க்கும்போது மனைவி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏங்க, இது என் எழுத்து. உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நான் போய் உக்காந்தேனே, அந்த ஆறு மேட்ச்."

"தெரியும். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க புள்ளி கோடு மாதிரி இழுத்திருக்கும். என்னுது உருண்டையா இருக்கு, பாருங்க."

புள்ளி பார்த்தார். மேலே இருந்த தேதியையும் பார்த்தார்.

அது சட்டைகள் குழம்பிப்போன வருடம். பஸ் சீட்டு உறை தைக்கும் தையல்காரர்தான் குழுவுக்கும் சட்டை தைப்பார். ஆறையும் ஒன்பதையும் ஒரே அச்சில் வெட்டிவைத்து, தைக்கும்போது தலைகீழாகத் திருப்பிவிட்டார். சுண்டெலியின் சின்னச் சட்டை முதுகில் ஒன்பது ஏறியது, மாப்பிள்ளையின் பெரிய சட்டையில் ஆறு. மாற்றிப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. சுண்டெலியின் சட்டைக்குள் மாப்பிள்ளையின் ஒரு தோள்தான் நுழையும். ஆட்களை முகம் பார்த்தே தெரிந்த புள்ளி, சுண்டெலி கொடுத்த பந்துக்கெல்லாம் வழக்கம்போல ஆறு என்றே எழுதிக்கொண்டிருந்தார். மனைவிக்கு முகம் தெரியாது. முதுகில் தெரிந்ததை எழுதியிருப்பார்.

அந்த ஆறு ஆட்டங்களில் ஆறுக்கு முப்பத்தொரு புள்ளி, ஒன்பதுக்குப் பதினேழு. மாற்றிப் போட்டால் மாப்பிள்ளை பதினேழு புள்ளி முந்திவிடுகிறார். ஆனால் அந்த ஆட்டங்களுக்கு முன்பே சட்டையைத் திருத்தியிருந்தால் மாற்றக் கூடாது.

மறுநாள் விசாரித்தார். "அடுத்த வாரமே பிரிச்சுத் தச்சுட்டேனே" என்றார் தையல்காரர். "எங்கண்ணே? வருஷம் முடியற வரைக்கும் ஆறைத்தான் போட்டுக்கிட்டு ஆடினேன்" என்றார் மாப்பிள்ளை. சுண்டெலி வாய்விட்டுச் சிரித்தார். "என் முதுகு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

வீட்டுக்கு வந்து மேசை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேசாமல் நானூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிடலாம். தரையில் தப்பான ஆள் ஏறினாலும் ஏறலாம். உள்ளதைச் சொன்னால், இனி யாரும் அவர் நோட்டைக் கேட்க மாட்டார்கள்.

"என் மேல போட்டுடுங்க. பொண்டாட்டி தப்பா எழுதிட்டான்னு சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"நீ எங்க தப்பா எழுதின? சட்டையில இருந்ததை எழுதின. நான்தான் சட்டையில இல்லாததை எழுதியிருக்கேன்." சொன்ன பிறகு அவருக்கே அது புதிதாக இருந்தது. "அப்ப யாரு எழுதினது சரி?"

"என்னைக் கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றார்கள். புள்ளி நோட்டைத் திறந்து, மஞ்சக்காமாலை முதல் சட்டைவரை ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப நோட்டும் நம்ம பேச்சு மாதிரிதானா?" என்றார் பெயின்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா சரிதான்" என்றார் ஃபோர்மேன்.

"தெரியலைப்பா" என்றார் புள்ளி. ஆடுகளத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெயின்டர் தான் எண்ணை வெட்டிவைத்திருந்த அச்சுத் தகட்டைத் தரையில் போட்டார். "நான் வெட்டினதே ஒரு தகடுதான். ஆறுன்னா இப்படி, ஒன்பதுன்னா அப்படி. எப்படி வைக்க?" பதில் வருவதற்குள் ஃபோர்மேன் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து ஆறு. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்பது. எது அடிப்பக்கம் என்று காட்டக் கீழே கோடு போட வேண்டாம் என்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெயின்ட் காய்வதற்குள், எந்தக் கூடைப் பக்கம் நின்று படிப்பது முறை என்று அடுத்த வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது.

புதுத் தரையில் முதல் ஆட்டத்தன்று புள்ளி மனைவியையும் கூட்டிவந்தார். ஸ்கோர் மேசை ஆடுகளத்தின் பக்கவாட்டில், சரியாக நடுவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அந்த எண் ஆறாகவும் தெரியவில்லை, ஒன்பதாகவும் தெரியவில்லை, படுத்துக் கிடந்தது. மனைவியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"நீ சட்டையைப் பார்த்து எழுது. நான் ஆளைப் பார்த்து எழுதறேன்."

முதல் பாதி முடிவில் ஒரு கூடையைப் பற்றித் தகராறு வந்தது. பெயின்டர் பழக்கதோஷத்தில் மேசையைப் பார்த்துக் கத்தினார்: "புள்ளிண்ணே, நோட்டுல என்ன இருக்கு?"

இருவரும் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஒரு புள்ளி மட்டும் ஒத்துவராமல் இடித்தது.