பழகாத காது

முதலில் வந்தது வெளிச்சம். எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸ் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திர விளிம்பில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தன. கண்ணை மூடியும் போகவில்லை. சற்று நேரத்தில் இடது நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது.

அடுத்த அறையில் என் கைக்குழந்தை அழுதாள். அந்த அழுகை மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேப்பம்பட்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த மாமியார் ஓடிவந்து அவளைத் தூக்கினார். "இன்னாம்மா இது? பெத்த புள்ள அயுவுது, நீ காதப் பொத்திகினு கீற?"

பிறகு அந்த வலி அடிக்கடி வந்தது. தாளிக்கும் வாசனை, குழாய் சொட்டும் ஒலி, ஜன்னல் வெயில், எதையும் தாங்க முடியவில்லை. குழந்தை வாயைத் திறந்தாலே உடம்பு நடுங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நகரத்து மருத்துவமனையில் இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்தார்கள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, கண்ணுக்கு நேரே விளக்கை மின்னவிட்டார்கள். வெளியே வந்ததும் நடைவழியிலேயே வாந்தி எடுத்தேன். தாளில் கோளாறு எதுவும் இல்லை.

"மிஷினே ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சே," என்றார் மாமியார். குழந்தையை வேப்பம்பட்டுக்குத் தூக்கிப் போய்விடலாம் என்ற பேச்சு அன்றுதான் எழுந்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, என்னைப் பார்த்துவந்த டாக்டரம்மா கணவரையும் உள்ளே அழைத்தார்.

"இது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி). அந்தச் சோதனையில பெரும்பாலும் தெரியாது. ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டா நம்ம மூளை பழகிடும். இவங்க மூளை லேசுல பழகாது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குது."

"அப்போ இவ நடிக்கலீங்களா?" என்றார் கணவர்.

அவர் அப்படி நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல. வலிக்குது," என்றார் டாக்டரம்மா.

தினமும் ஒரு மாத்திரை. சில மாதங்களில் வலி குறைந்தது; போகவில்லை. குழந்தையை அனுப்பவில்லை. வலி வரும் நாட்களில் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடப்பார். இருட்டறையில் படுத்து, அவள் அழுகை தூரமாவதைக் கேட்பேன். நிம்மதியும் துக்கமும் ஒன்றாகவே வரும்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இந்த வலி இருந்தால், உங்கள் சோதனைத் தாளும் சுத்தமாக இருக்கலாம். அதனால் வலி பொய்யாகிவிடாது. வலியில்லாத நாளிலும் தலையை நிறைகுடம் போலத்தான் சுமந்து நடக்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்று யாரிடமும் உறுதியாகச் சொல்வதில்லை.

மகள் ஏழாவது படிக்கும்போது ஒரு மாலை பள்ளிவிட்டு வந்து சுவரோரம் குந்தினாள். "அம்மா, வெயில் குத்துதும்மா. ரேடியோவ நிறுத்தேன்."

நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன்.

"எப்பம்மா போவும்?"

"தெரியலடி. போற வரைக்கும் கூடவே கீறேன்," என்றேன்.