மீசையில்லாமல் ஒரு படம்

போன வாரம் நாமக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பக்கத்துச் சுவருக்கு ஒருவர் எனாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு லேசாகத் தலை வலிக்கும். கூடவே கும்பிடவும் தோன்றும். சிரிக்காதீர்கள், என் முதல் வேலை அப்படிப்பட்டது.

சேலத்திலிருந்து மோகனூர் வரை வெட்டவெளியில் நிற்கும் சாமி சிலைகளைப் படமெடுத்துப் புத்தகம் போடப்போவதாகச் சொல்லி, ஒரு பதிப்பகத்தார் என்னையும் செல்வராசுவையும் அனுப்பினார்கள். வண்டி அவனுடையது, கேமரா அவர்களுடையது, வெயில் மட்டும் எனக்கே எனக்கு. ஏரிக்கரை, கரும்புக்காடு, சோளக்காட்டு நடுவே என்று எங்கே திரும்பினாலும் பனைமர உயரத்துக்கு முனியப்பன் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் சிமென்ட் குதிரை, சிமென்ட் யானை, துப்பாக்கி பிடித்த சிமென்ட் போலீஸ்காரர், எல்லார் மேலும் எனாமல் பெயின்ட். முதல் மாதம் வாயைப் பிளந்து பார்த்தேன். அப்புறம் சாமியைக் கண்டால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் முதலில் தேடினேன்.

அப்படி அலுத்துப்போய் ஒரு மத்தியானம் எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்தார். பெரிய சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடைசியாக நின்ற காவலாளி சிலையிடம் போய் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். ஆள் உயரச் சிலை. காக்கி உடுப்பு, முறுக்கு மீசை.

"ஏனுங்க, இவருக்கு மட்டும் தொடைக்கறீங்க?" என்றான் செல்வராசு.

"எங்கூட்டுக்காரருங்க."

பாவாயி என்று பெயர். கோயில் கட்டும்போது அவர் கணவர் அங்கே கலவை போட்டுக்கொண்டிருந்தாராம். சிலை செய்தவர் முகத்துக்கு மாதிரி வேண்டும் என்று அவரையே எதிரில் நிற்கவைத்துச் செய்திருக்கிறார். பிறகு அந்த மனிதர் போர்வெல் போடும் ரிக் லாரியில் ஏறி வடக்கே போனார். அங்கேயே விபத்து. அங்கேயே எரித்துவிட்டுத்தான் ஊருக்குச் சொன்னார்கள்.

"ஊட்டுல போட்டோ இருக்குமேங்க?" என்றான் செல்வராசு.

"ரேசன் கார்டுல ஒண்ணு இருந்துச்சு சாமி. மழைத்தண்ணி பட்டு மூஞ்சி போயிருச்சு." கேமராவையே பார்த்தார். "இதை இடிச்சுப்போட்டுப் பெருசா வெக்கறாங்களாமா. ஒரு படம் எடுத்துத் தாரீங்களா?"

நான் கேமராவைத் தூக்கியதும் தடுத்தார். "மீசையில்லாம எடுக்க முடியுமா சாமி? அவருக்கு மீசையே கெடையாது. காவலுக்கு நிக்கறவருக்கு வேணும்னு ஒட்டவெச்சுட்டாங்க."

செல்வராசு சிரிப்பை அடக்கிக்கொண்டான். நான் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினேன். அதற்குள் அவரே மேடையேறி, சிலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, கையை நீட்டி உள்ளங்கையால் மீசையை மூடினார்.

"இப்ப எடுங்க."

மீசை மறைந்ததும் காவலாளியைக் காணோம். கண்ணோரம் கொஞ்சம் சாய்ந்த, களைத்த ஓர் ஆள் நின்றிருந்தார்.

பிரதி போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாவாயி வெகுநேரம் பார்த்தார். "கை என்னுதுங்க" என்றார். அப்புறம், "நாங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்த படம் இது ஒண்ணுதான்."

புத்தகம் வரவேயில்லை. பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். நெகட்டிவ்களெல்லாம் எங்கே போயினவோ. பள்ளிபாளையத்தில் தறிநூல் வியாபாரம் பார்த்த செல்வராசுவும் போய்ச்சேர்ந்துவிட்டான்.

போன வாரம் நாமக்கல்லில் அந்தப் பெயின்ட் வாசனை ஏறியதும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எருமப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்குத் தார்ரோடு போட்டிருந்தார்கள். புது முனியப்பன் பழையவரைப் போல இரண்டு மடங்கு. காவலாளிகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், ஒரே ரோஸ் கன்னம். பூசாரியிடம் விசாரித்தேன். பாவாயி மகளோடு தறி வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பழைய காவலாளி?"

"ஒடச்சு இந்தப் பள்ளத்துல கொட்டி, மேல ரோடு போட்டாச்சுங்க. இப்ப நடந்து வந்தீங்களே, அதுதானுங்க."

வெயில் தாழட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூட்டுவலி வேறு. பஸ் ஸ்டாப்புக்குத் திரும்ப வேறு வழி இல்லை. தாரில் கால் வைக்காமல், ஓரத்து மண்ணிலேயே நடந்து வந்தேன்.