வஞ்சிரு அனுப்பிய பெயர்ப்பட்டியல்

மன்னிக்கவும், ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக எழுதித் தொந்தரவு செய்கிறேன்.

கென்யாவில் இருக்கும் வஞ்சிருவும் நானும், வெள்ளையர் ஆண்ட காலத்துக் கென்யாவைப் பற்றி ஆளுக்கொரு நாவல் எழுதுகிறோம். கிடைக்கும் பழைய காகிதங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம்.

அப்படி அவள் அனுப்பிய ஒரு பட்டியலை, அவளைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து இங்கே முகநூலில் போட்டேன். விடுதலைப் போராளிகளைப் பற்றி வெள்ளையருக்குத் துப்புச் சொன்ன உள்ளூர்க்காரர்களின் பெயரும் ஊரும் அதில் இருந்தன.

இன்று கோட்டாறு பஸ்ஸில் இருக்கும்போது அவளுடைய செய்தி வந்தது.

"அந்தப் படம் இங்கே சுற்றுகிறது. அதிலுள்ள ஒருவரின் பேரன் வீட்டில் நேற்று கல்லெறிந்தார்கள். உள்ளே சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்."

நான் அதையே திரும்பத் திரும்பப் படிப்பதைப் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னட்டி, ஆப்பிரிக்காக்காரி ஏசிட்டாளா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அழிச்சிரு, பின்ன?"

"நான் அழிச்சாச்சும்மா. மத்தவங்க போன்ல கெடக்கே."

"அப்ப அவங்ககிட்ட சொல்லு. கேக்க வெக்கமாக்கும்!"

வெட்கம்தான். என் பதிவை இத்தனை பேர் பகிர்ந்தது அதுவே முதல் முறை. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கு லைக் வேண்டாம். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிட்டு, கீழே 'அழித்தேன்' என்று மட்டும் எழுதுங்கள். வஞ்சிருவுக்கு அதைத்தான் அனுப்பப்போகிறேன்.