கரண்டு வைத்தாகிவிட்டது

ஸ்கேன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், பசி என்றுகூடச் சொல்லவில்லை. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "தம்பி, கரண்டு வச்சிட்டாங்க. தொண்டையில தொடங்கி அடிவயிறு மட்டும் சுடச்சுட இறங்கிச்சு. இனிப் பயமில்ல" என்றார்.

நான் அப்போது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டிஸ்பென்சரி கம்பவுண்டர். நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் அங்கே கொழுந்து எடுப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து அவருக்கு மறுபடி இரத்தம் போக ஆரம்பித்தது. ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது என்று என் மனைவியிடம்தான் சொன்னார். நான்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதை எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். அது கர்ப்பப்பையோடு நிற்கிறதா, வெளியே நெறிக்கட்டுகளுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்று தெரிந்தால்தான் ஆபரேஷனை முடிவு செய்யமுடியும். அதைப் பார்க்கத்தான் சிடி ஸ்கேன். அது வெறும் படம். உடம்புக்குள் பரவிய அந்தச் சூடு, படம் தெளிவாக விழுவதற்காக ஊசியில் ஏற்றிய மருந்து. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் என்றால் ஒரே வைத்தியம்தான், கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சு. பெரிய மெசினில் படுக்கவைத்தார்கள், உள்ளே சுட்டது. அப்படியென்றால் கரண்டு வைத்தாகிவிட்டது. அக்கா கணக்கில் தப்பே இல்லை.

தப்பு என்னுடையது. மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றபோது சொல்லியிருக்கலாம். பர்லியார் தாண்டி மலை ஏறும்போது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். எனக்குப் பயம். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. பக்கத்து எஸ்டேட்டைப் பூட்டியே விட்டார்கள். வேலை கொடுக்கிற நாளில் வராதவர் பெயரை வெட்டுவோம் என்று அறிவித்திருந்தார்கள். டிஸ்பென்சரி எதற்கு என்று மேனேஜர் துரை வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை லீவு என்று போய் நின்றால் என் கதையும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாளே அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனார். தம்பி புண்ணியத்தில் பிழைத்தேன் என்று லயம் முழுக்கச் சொன்னார். எனக்குக் கருப்பட்டிப் பணியாரம் செய்து கொடுத்துவிட்டார். நானும் தின்றேன்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் தபாலில் என் பெயருக்கு வந்தது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இரண்டு நெறிக்கட்டு வீங்கியிருக்கிறது, தாமதிக்காமல் ஆபரேஷனுக்கு வரவும் என்று கூட இருந்த கடிதம் சொன்னது. கொழுந்து சீசன் முடியட்டும் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். மாத்திரை கொடுத்ததில் இரத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அதையும் ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து, இருமல் நிற்காமல் அக்கா படுத்தபிறகுதான் கூட்டிப்போனேன். நுரையீரலுக்குப் போய்விட்டது. முதல் படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய டாக்டர், என்னைத் திட்டவில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லைங்க என்றேன். அங்கேயும் பழியை அக்கா தலையில்தான் போட்டேன். சீ!

அக்கா தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதை யாரிடமும் சொல்லாமலே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். போன மாதம் அவர் மகள் விஷயமாக ஆள் வந்தது. அவளுக்கும் அதே வயது, அதே இரத்தப்போக்கு. இப்போது குன்னூரிலேயே ஸ்கேன் இருக்கிறது. சதைப் பரிசோதனையில் அதே நோய்தான் என்று தெரிந்து, ஸ்கேனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அவள் மட்டும் மாட்டேன் என்கிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றார்கள். போனேன். காபி கொடுத்துவிட்டு அமைதியாகத்தான் சொன்னாள்: "வேணாம் மாமா. அம்மாவுக்குத்தான் கரண்டு வச்சுப் பார்த்தோமே. வச்சும் போயிருச்சு. எனக்கு மட்டும் கேக்கவா போகுது?"

இருபது வருடத்துக்கு மேல் நான் விழுங்கி வைத்திருந்தது இந்தப் பெண்ணின் உயிரில் வந்து நிற்கிறது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படம் என்றால் என்ன, வைத்தியம் என்றால் என்ன, இழுப்பறையில் நாலு மாதம் கிடந்தது என்ன, எல்லாம். அவள் என்னை நடுவில் நிறுத்தவில்லை. முடித்தபிறகுதான் கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு கரண்டே வைக்கலியா?"

"இல்லம்மா."

குறித்த நாளில் அவள் ஸ்கேனுக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் குன்னூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.