சொந்தக்காரர் இல்லாத ஊர்

பியற்றிஸின் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை கறித்தூளில் சிவந்திருந்தன. பழைய நாட்காட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதன் வழியே தூளைப் பொலித்தீன் பைக்குள் கொட்டினாள். பையை மேசையில் குத்தி இறக்கினாள். காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டி, மேலே இன்னொரு பையைப் போட்டு ஒட்டுநாடாவால் சுற்றினாள். பிறகு பெயர் எழுதினாள். ஆறு பைகளில் நான்கு பாரிசுக்கு, ஒன்று சுவிஸில் பேர்ணுக்கு. ஆறாவதில் பெயர் எழுதவில்லை.

"ஆருக்கும் உதவும்" என்றாள்.

கடந்த வருடம் மே மாதம், ஈஸ்ட் ஹாமில் அவளுடைய குசினியில் நடந்தது இது. மறுநாள் அவளும் கணவர் அருள்நேசனும் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு, மூன்று கிழமை ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட இருந்தார்கள். பாரிசில் கறித்தூள் இல்லையா என்றால், கடைக்குக் கடை இருக்கிறது. பியற்றிஸ் வறுத்து அரைத்த தூள் இல்லை. அருள்நேசனின் தங்கை கிளறிற்றா பாரிசிலிருந்து அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அருள்நேசனின் பை கதிரையில் திறந்து கிடந்தது. தூள் உள்ளே போக இடம் காணவில்லை. பியற்றிஸ் கையை விட்டு, மலை நடைக்கென்று அவர் வாங்கிய புதுச் சப்பாத்துச் சோடியை வெளியே இழுத்துப் போட்டாள்.

"அந்த மனுசன்ர சப்பாத்தை எடுத்துப்போட்டுத் தூளை அடையிறியோ?" என்றேன்.

"காலில போட்டிருக்கிறது காணும் அக்கா. மலையில ஏறி என்ன கொடி நாட்டப் போறாரே?"

என் கையிலும் ஒரு பொதி இருந்தது. பேர்ணில் என் பெறாமகள், தங்கை மகள் றூபினிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பிள்ளையின் வயிற்று வலிக்குக் கொடுக்கவென்று மூன்று போத்தல் கிறைப் வோட்டர் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடிப் போத்தல். நல்ல பாரம். அதுவும் அந்தச் சப்பாத்து இருந்த இடத்திற்குத்தான் போனது.

அருள்நேசன் உள்ளே வந்து பார்த்தார். சப்பாத்தைக் குனிந்து எடுத்தார்.

"இஞ்சருங்கோ, இது வேண்டாம்தானே?" என்றாள் பியற்றிஸ்.

"ஓம்" என்றார். எடுத்துக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

பியற்றிஸும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தோம். ஆளைப் புரட்டுவது, தூக்காமல் எழுப்புவது, தோல் சிவந்தால் எங்கே பார்ப்பது, எல்லாம் நான்தான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். கெட்டிக்காரி. ஆனால் "இல்லை" என்று சொல்லத் தெரியாதவள். ஷிப்ட் முடிந்த பிறகும் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் போவாள். வீட்டிலும் அப்படித்தான். அருள்நேசன் மன்னார்க்காரர், தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர். அவர்கள் கலியாணம் கட்டிக் குடிவந்த நாளிலேயே அந்த இரண்டு அறை வீட்டில் அவளுடைய அண்ணன், இவருடைய தம்பிமார், அவர்களோடு வந்து இறங்கிய இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நடுவில் சேலையைக் கட்டித்தான் புது மாப்பிள்ளையும் பெண்ணும் படுத்தார்கள். அவர்கள் போக வேறு ஆட்கள் வந்தார்கள். விசா கிடைக்கும்வரை, வேலை கிடைக்கும்வரை, பிள்ளை பிறக்கும்வரை. கடைசி ஆள் போனபோது அவர்களுடைய மகன் கிளின்ரனுக்கே கலியாண வயது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அருள்நேசன் ஒன்றே ஒன்று கேட்டார். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊரில், அவளோடு மட்டும் இரண்டு நாள் இருக்க வேண்டும்.

தபால் பிரிக்கும்போது ஒரு தரம் அவர் கையில் ஒரு அஞ்சலட்டை அகப்பட்டதாம். ஏரி, சுற்றிவர மலை, கரையில் சின்னத் தேவாலயம். பின்பக்கத்தைத் திருப்பி ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டாராம். ஸ்லோவேனியாவில் போஹின். அந்த நாட்டில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று மூன்று பேரிடம் விசாரித்து, இல்லையென்று உறுதியான பிறகுதான் கிளின்ரனைக் கொண்டு கரையோரம் ஒரு வீட்டில் சனியும் ஞாயிறும் தங்க அறை பதிவுசெய்தார். மற்ற ஊர்கள் எல்லாம் அதற்குப் போகும் வழிதான்.

கோயிலில் அவர் முதுகுப்பையைப் பற்றிப் பகிடி பண்ணினார்கள். "என்ன அண்ணை, திரும்பவும் அகதியா வெளிக்கிடுறியளோ?" அவர் சிரித்துக்கொண்டு, "ஓம், இந்த முறை ரிக்கெற்றோட" என்றார்.

பயணத்தில் நடந்ததைப் பியற்றிஸ் பின்னால் துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள். அடுக்கிச் சொல்கிறேன்.

பாரிசில் ஒரு இரவு, ஹொட்டேலில் என்பது திட்டம். பியற்றிஸ் போகுமுன்னரே கிளறிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் போய்ப் பிறகு தெரிந்தால் குறை வரும் என்ற பயம். கிளறிற்றா ரயில் நிலையத்திலேயே வந்து நின்றாள். "நான் இருக்க அண்ணை ஹொட்டேலில படுக்கிறதோ? நான் என்ன செத்தே போனன் மச்சாள்?" ஒரு இரவு ஐந்து இரவானது. ஈபிள் கோபுரத்தைக் காரில் இருந்தபடி பார்த்தார்கள், பூப்புனித நீராட்டு விழா ஒன்றுக்குப் போகிற வழியில். பெண்கள் ஒரு அறை, ஆண்கள் கூடத்தில். கணவனும் மனைவியும் காலைத் தேத்தண்ணிக்குத்தான் ஒருவரை ஒருவர் கண்டார்கள்.

பேர்ணில் என் பெறாமகள். அவளும் சும்மா விடவில்லை. கிறைப் வோட்டர் கொண்டுவந்தவர்களைப் பட்டினி போட்டு அனுப்பலாமா? மூன்று நாள். இடியப்பம், புட்டு, திரும்பவும் இடியப்பம். மலைகள் யன்னலுக்கு வெளியே நின்றன. அருள்நேசன் பல்கனியில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று றூபினியே எனக்குச் சொன்னாள். "அருள் மாமா நல்ல அமைதி" என்றாள்.

அங்கே இருக்கும்போதுதான் பியற்றிஸின் அண்ணன் லெஸ்லி ஜெர்மனியிலிருந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேரனுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு.

"நாலு நாடு சுத்தத் தெரியுது, டோட்முண்டுக்கு வழி தெரியேல்லையோ உனக்கு? சபையில கேப்பினம், தங்கச்சி சுவிஸில நிண்டுகொண்டு வரேல்லையோ எண்டு. நான் என்ன சொல்ல?"

மறுநாள் சூரிச் நிலையத்தில் நின்றார்கள். கிழக்கே, ஒஸ்ரியா வழியாக ஏரிக்குப் போகிற ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. வடக்கே ஜெர்மனிக்குப் போகிறது அதற்குச் சற்று முன்பு. அவர்கள் வைத்திருந்த ரயில் பாஸில் எதிலும் ஏறலாம். அதுதான் வினை.

"இஞ்சருங்கோ" என்றாள் பியற்றிஸ். "ஏரியை அடுத்த வருசமும் பாக்கலாம். முதல் நன்மை ஒருக்காத்தான் வரும்."

அவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

"உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ஓம்."

"வடிவாச் சொல்லுங்கோ."

"ஓம் எண்டுதானே சொல்லுறன். ஏறும்."

அவள் ஏறினாள். டோட்முண்டில் பதினொரு பேர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். பெயர் எழுதாத தூள் பை அங்கே போய்ச் சேர்ந்தது. அறை கொடுத்த ஸ்லோவேனியாப் பெண்ணுக்கு அருள்நேசன் ரயிலிலிருந்தே தொலைபேசி எடுத்து வரவில்லை என்று சொன்னாராம். ஏரி எங்கேயும் ஓடிப்போகாது, ஆறுதலாக வாருங்கள் என்று அவள் சொன்னாளாம். திரும்பி வந்து அதை ஒரு பகிடியாக எங்களுக்குச் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒக்டோபரில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. பதினொரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து, தை மாதம் வீட்டிற்கு வந்தார். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டார்கள். நான் கிழமையில் நான்கு நாள் போய்க் கழுவித் துடைத்துவிடுகிறேன். எழுபத்துநான்கு வயதில் இது எனக்குச் சரியான வேலை இல்லைதான். செய்யத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு சொல் மிஞ்சியது. ஓம். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு. வாயில் அதிகம் பழகிய ஒன்று தானாக வரும், கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. பசிக்கிறதா, ஓம். பசிக்கவில்லையா, ஓம். முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தீர்மானிப்போம்.

நோயாளியைப் பார்க்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். அப்பிள், ஹோர்லிக்ஸ், செபமாலை. கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டு இருந்து, அவர் தலைக்கு மேலால் ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள். "கொஞ்சம் ஓய்வு குடுக்க வேணும்" என்று நான் சொன்னால், "நாங்கள் ஒண்டும் செய்யேல்லையே அன்ரி, சும்மாதானே இருக்கிறம்" என்றார்கள்.

போன மாதம் கிளறிற்றா பாரிசிலிருந்து வந்தாள். மோசமானவள் இல்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மனம்விட்டு அழுதாள். ஒன்பது பேர் இருந்தார்கள் அந்த அறையில். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆண்டவர் பெரியவர். வருத்தம் வரமுன்னம் அண்ணை எங்கள் எல்லாரையும் ஒருக்கா வந்து பாத்திட்டார். அந்தப் பயணம் அதுக்குத்தான் அமைஞ்சது. என்ன அண்ணை?"

"ஓம்" என்றார் அருள்நேசன்.

பியற்றிஸ் எழுந்து குசினிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் என்னோட இரண்டு நாள்தான் கேட்டவர்."

"தெரியும்."

"நான் அதைத் தூக்கி லெஸ்லி அண்ணைக்குக் குடுத்திட்டன். அந்தப் பெடியனுக்கு நான் வந்ததே ஞாபகமில்லையாம். போனகிழமை கேட்டுப் பாத்தனான்."

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"ராவில கேட்டனான், என்னில கோவமோ எண்டு. ஓம் எண்டார். அப்ப கோவம் இல்லையோ எண்டன். அதுக்கும் ஓம். அக்கா, உங்களுக்கு இந்த வருத்தம் தெரியும். அவருக்கு ஏதும் விளங்குமோ?"

"கொஞ்சம் விளங்கும். எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அதுதான் உண்மை. ஆறுதலுக்காகப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "முந்தியும் அவர் ஓம் எண்டுதான் சொன்னவர், நீயும் முகத்தைப் பாக்கேல்லை" என்று வாய்வரை வந்தது. அந்தச் சப்பாத்தின் இடத்தில் மூன்று போத்தலை அடைந்த நான் யார் அதைச் சொல்ல?

அவள் கையைத் துடைத்தாள். "நாளைக்கு விடிய வருவியளோ? ஆறு மணிக்கு. அவரை வெளிக்கிடுத்த வேணும்."

"எங்க?"

"வூலிச் ஃபெரியில அங்கால போயிட்டு வாறம். நாங்கள் இரண்டு பேரும். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

தேம்ஸ் நதியை ஐந்து, பத்து நிமிடத்தில் கடக்கும் படகு அது. மலையும் இல்லை, ஏரியும் இல்லை. அக்கரையில் கார் தரிப்பிடமும் பேருந்து நிறுத்தமும். அது எதற்கும் ஈடாகாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் தலையாட்டினேன்.

காலை ஆறு மணிக்குப் போனேன். வீடு நித்திரையாக இருந்தது. கிளறிற்றாவும் மகளும் மாடியில். அருள்நேசனைத் துடைத்து, சிறுநீர் உறிஞ்சும் தடித்த பாட் ஒன்றைப் போட்டு, இரண்டு சோடி காலுறை மாட்டினேன். விழுந்த கைக்குக் கீழே தலையணை கொடுத்தேன். அவரால் தண்ணீரான எதையும் விழுங்க முடியாது. தேத்தண்ணீரில் கெட்டியாக்கும் மாவைக் கலந்து குடுவையில் ஊற்றிக் கொடுத்தேன். "ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளை நிமித்தி, பாரத்தை மாத்தி இருத்து. மறக்காத" என்றேன். பியற்றிஸ் கோட்டைப் போட்டாள். கைத்தொலைபேசியை அணைத்து, சோற்றுப் பானைக்குள் வைத்து மூடினாள்.

"ஏதும் நடந்தால்?" என்றேன்.

"நடந்தால் ஆரிட்டையும் ஒரு போன் கேட்டு உங்களுக்கு எடுக்கிறன்."

சக்கர நாற்காலியை வாசல் படியால் இருவருமாக இறக்கினோம். குளிர்ந்தது, மழை இல்லை. பஸ் நிறுத்தம் வரை அவள் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

எட்டு மணிக்குக் கிளறிற்றா இறங்கி வந்தாள். வெறுங் கட்டிலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, அண்ணை எங்க?"

"இரண்டு பேரும் வெளியில போயிட்டினம்."

"இந்தக் குளிருக்கையோ? எங்கயாம்? சொல்லியிருந்தால் நானும் போயிருப்பனே!"

"அதாலதான் சொல்லேல்லை" என்றேன்.

முகம் கறுத்துப்போய் நின்றாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு அன்றைய முதல் ஆட்கள் அப்பிளோடு வந்து மணியடித்தார்கள். நான் வாசலில் நின்றபடியே பையை வாங்கிக்கொண்டு, இன்றைக்குப் பார்க்க முடியாது என்று அனுப்பினேன். பிறகு உள்ளே வந்து அவருடைய கட்டில் விரிப்புகளை உரிந்து இயந்திரத்தில் போட்டு, மெத்தையைத் துடைத்துக் காயவிட்டேன்.